நாலரை இன்ச் சுவர்

தாம்பரம் மேற்கு
9 ஜூன் 2024

அன்புள்ள ஆஷா அக்காவுக்கு,

ஜெனி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் நின்றதா? மலைக்குளிர் பழகிவிட்டதா? வெந்நீரைத் தவிர வேறு எதையும் குடிக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னார்.

மடத்தில் போன் கிடையாது, கடிதம்தான், அதையும் மதர் படித்துவிட்டுத்தான் உன் கையில் தருவார்கள் என்று தெரிந்த பிறகு, எழுத உட்கார்ந்தாலே பூசையில் வாசகம் படிக்க ஏறுவது போல இருக்கிறது. மதருக்கு என் வணக்கம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சேலையூரில் லோகநாதன் சார் என்ற இன்ஜினியரின் அலுவலகம். அடுத்தவர் வீட்டுச் சுவர்களை எடுப்பதுதான் வேலை. பயப்படாதே, கம்ப்யூட்டரில்தான். இந்தப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இப்போது பெரிய ஹால் வேண்டுமாம். வீட்டை அளந்து, வரைந்து, வேண்டாத சுவரை எடுத்துவிட்டு, அதன் பிறகு வீடு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.

கல்லூரியில் நான் கற்றுக்கொண்ட சாப்ட்வேரில் சுவர் என்றால் இரண்டு கோடு, அவ்வளவுதான். இங்கே இருப்பதில் சுவர் ஒரு முழுப் பொருள். அதை அழித்தால் அதில் இருக்கும் கதவும் ஜன்னலும் கூடவே போய்விடும். இது எனக்குத் தெரியாது. கோவிலம்பாக்கத்து வீடு ஒன்றில் நீளமான ஒரு சுவரை அழித்தேன். அதோடு குளியலறைக் கதவும் போய்விட்டதை பிரிண்ட் எடுத்த பிறகுதான் சார் பார்த்தார்.

“இன்னாமா இது? பாத்ரூமுக்குள்ள எப்டி போவாங்க, எகிறி குதிச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, முகத்தில் சூடு தணியும் வரை தண்ணீர் கேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

ஃபிரெடி அண்ணனுக்குப் பெண் முடிவாகிவிட்டது. பெயர் ஜெரூஷா. பொத்தேரியில் பள்ளி ஆசிரியை. ஜனவரியில் கல்யாணம், பிப்ரவரி இரண்டாம் தேதி நீ துறவறத்துக்கு வார்த்தைப்பாடு கொடுக்கிறாய். அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. கோயிலில் இப்போது யாரும் அவரை ரயில்வே வேலையை வைத்துக் ‘கார்ஷெட் தேவானந்தம்’ என்று கூப்பிடுவதில்லை. ‘சிஸ்டர் அப்பா’ என்கிறார்கள். பூசை முடிந்து சைக்கிள் நிறுத்திய இடம் வரை மெதுவாக நடக்கிறார், இன்னும் யாராவது கூப்பிடட்டும் என்று.

உன் செபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்.

உன் ஜெனி


ஏற்காடு
28 ஜூன் 2024

இயேசுவில் பிரியமான ஜெனிக்கு,

அக்காவின் அன்பு முத்தங்கள். உங்கள் எல்லோருடைய சுகத்துக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இருமல் குறைந்திருக்கிறது.

நம் வீட்டில் முதல் பட்டதாரி, முதல் மாதத்திலேயே ஒரு வீட்டின் குளியலறையை மூடிவிட்டாய்! படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அமைதி நேரம் அது. மதர் நிமிர்ந்து பார்த்தார்கள். திட்டவில்லை. “உன் சத்தத்தைக் கேட்டு நாளாச்சு” என்றார்கள்.

எனக்கு இந்த மாதம் தோட்டத்தில் வேலை. காலையில் மூடுபனி, கையில் மண்வெட்டி இருப்பது எனக்கே தெரியாது. பீன்ஸ் நன்றாக வந்திருக்கிறது.

ஃபிரெடிக்கு என் வாழ்த்து. கல்யாணத்துக்கு நான் வர முடியாது, அதற்கு மடத்து விதி இடம் தராது. ஆனால் அன்று முழுவதும் உங்களோடுதான் இருப்பேன்.

வார்த்தைப்பாட்டுத் தேதியை அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டாரா?

செபத்தில் உன்னை மறவாத
ஆஷா


தாம்பரம் மேற்கு
20 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நலமா? எங்களுக்கு நலமே. அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போகவில்லை. தேதியைக் கேட்டிருந்தாய். எல்லோரிடமும் சொல்லிவிட்டார், மீன்காரம்மா உட்பட.

இப்போது நம் வீட்டையே வரைகிறேன். மாடியில் ஃபிரெடி அண்ணனுக்கு ஓர் அறை கட்டப்போகிறோம். கீழே, ஹாலுக்கும் நம் அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் ஹால் பெரிதாகிவிடும், பெண் வீட்டார் உட்கார இடம் இருக்கும் என்பது அப்பாவின் யோசனை. நான் அம்மாவோடு படுத்துக்கொள்வேன். “சிஸ்டருக்கு இனிமே எதுக்கு ரூம்? ஆண்டவருக்குக் குடுத்தாச்சு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளந்தேன். அப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல, இன்ஜினியர் சொல்வதைக் கேட்பது போலத் தலையாட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அது வெறும் நாலரை இன்ச் சுவர். மேலே இருக்கும் கனம் எதையும் அது தாங்கவில்லை, எடுத்தால் ஒன்றும் ஆகாது.

நேற்று அலுவலகத்தில் அதை எடுத்துப் பார்த்தேன். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு அறைப் பெயர் இருக்கிறதாம், ஒன்றை நீக்க வேண்டுமாம். ‘ஹால்’ என்று ஒன்று, ‘ஆஷா – ஜெனி’ என்று ஒன்று. நான் எதையும் நீக்காமல் சேமித்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் கேட்க வேண்டியதில்லை என்கிறார் அப்பா. ஆனாலும் கேட்கிறேன். உனக்குச் சம்மதம்தானே?

அன்புடன்
ஜெனி


தாம்பரம் மேற்கு
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா தினமும் வாசல் கேட்டில் மாட்டிய தபால் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கிறார். போன வாரம் அதில் பல்லி இருந்தது.

மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்பதால், மாதா பிறந்தநாள் திருவிழா முடிந்ததும் சுவரை இடிக்க ஆள் பேசியிருக்கிறார் அப்பா. உன் இரும்புப் பெட்டியை அம்மா கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். திறக்கவில்லை.

ஜெரூஷா அண்ணி வந்து போனார். நல்ல மாதிரி. என்னிடம், “நீங்க பேசவே மாட்டீங்களா?” என்று கேட்டார். பேசுவேன் என்று சொல்வதற்குள் அண்ணன், “அவ கம்ப்யூட்டர்லதான் பேசுவா” என்று சொல்லிவிட்டான்.

ஒரு வரியாவது எழுது.

உன் ஜெனி


ஏற்காடு
30 ஆகஸ்ட் 2024

பிரியமான ஜெனிக்கு,

நான் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அம்மாவுக்கு முழங்காலில் நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துவிடு.

சுவரை எடுப்பது நல்ல யோசனைதான். எனக்கு என்ன சம்மதம் வேண்டியிருக்கிறது? தாராளமாக எடுக்கட்டும்.

ஜன்னல் இருக்குமா? என் கட்டிலை என்ன செய்யப் போகிறீர்கள்? எட்டாம் தேதி முடிந்ததும் என்றால் ஒன்பதாம் தேதியே இடிப்பார்களா, அல்லது தள்ளிப்போகுமா? ஒருமுறை இடித்துவிட்டால் பிறகு வேண்டும் என்றால் கட்ட முடியுமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எந்த நாள் என்று எழுது.

ஆஷா


ஏற்காடு
12 செப்டம்பர் 2024

பிரியமான ஜெனிக்கு,

சமாதானம். மதரிடம் கேட்டு இன்னொரு கடிதம் எழுதுகிறேன். இடித்துவிட்டார்களா?

இங்கே சிறப்பாக ஒன்றுமில்லை. என்னோடு நவதுறவியாக இருந்த ஜெசிந்தா போன வாரம் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். துறவு வாழ்க்கை தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டாளாம். காலையில் நாங்கள் கோயிலில் இருந்தபோது கிளம்பியிருக்கிறாள். மதியம் சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலி இல்லை. நாங்கள் ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டோம். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. பேசவும் இல்லை.

அவள் ஊர் அரியலூர் பக்கம். வீட்டில் அவளைப் பார்த்ததும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவள் மடத்துக்குக் கிளம்பியபோது ஊருக்கே விருந்து வைத்து அனுப்பினார்களாம். அவளுக்குப் படுக்க இடம் இருக்கிறதோ என்னவோ. இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பீன்ஸ் முடிந்துவிட்டது, இப்போது கேரட் போட்டிருக்கிறோம்.

இடித்துவிட்டார்களா என்று மட்டும் எழுது.

ஆஷா


தாம்பரம் மேற்கு
19 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. உடனே எழுதுகிறேன். எல்லோரும் சுகம்.

இடிக்கவில்லை. வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்பதால் தள்ளிப்போனது. இனி இடிக்கவும் முடியாது. மாடி அறையின் கனம் அந்தச் சுவர் மேல்தான் வருகிறது, அது ஒன்பது இன்ச் சுவர் என்று இன்று மாலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ படிச்சவ, நீ சொன்னா சரி” என்றார். அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே சுவர் இருக்கிறது. கட்டிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஜன்னல் பக்கம் உன் இடம், அங்கே நான் படுப்பதில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு.

உன் ஜெனி


தாம்பரம் மேற்கு
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. மதர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு இனி வரவில்லை.

நான் சொன்னது பொய். அந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை.

மாடி அறைக்கு கார்ப்பரேஷன் அனுமதி வாங்க லோகநாதன் சார் கையெழுத்து வேண்டும். அதற்காக வரைபடத்திலும் சுவரை ஒன்பது இன்ச் ஆக்கினேன். இரண்டு பக்க அறைகளின் அளவையும் நான் முன்பே மாறாதபடி பூட்டி வைத்திருந்தேன், அதை மறந்துவிட்டேன். சுவர் தடித்தபோது அறைகள் சுருங்கவில்லை. மொத்த வீடும் ஒரு பக்கமாக நகர்ந்து, பக்கத்து வீட்டுத் தயாளன் மனைக்குள் போய்விட்டது. சார் கூப்பிட்டார்.

“ஜெனி, உங்க வூடு தயாளன் காம்பவுண்டுக்குள்ள நாலரை இன்ச் பூந்துகினு கீது. அவரு உங்க சொந்தமா?”

அவர் பழைய அளவுகளை எடுத்துப் பார்த்தார்.

“நீயே அளந்த சொவரு. நாலரை எப்டிமா ஒம்போதாச்சு? மழைல ஊறிச்சா?”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

“உங்க வூட்டு பஞ்சாயத்துக்கு என் சீலு கெடைக்காது. சொவரு வேணும்னா உங்க அப்பாகிட்ட சொல்லிக்க. சரியா வரைஞ்சுகினு வா, கையெழுத்து போடறேன்.”

அன்று மாலை வீட்டில் செபமாலை சொல்லி முடித்ததும், அப்பா எழுந்திருப்பதற்குள் சொல்லிவிட்டேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன்.

“ஏன் பொய் சொன்ன?” என்றார் அப்பா. கோபம் இல்லை. அவருக்குப் புரியவில்லை.

“அப்பா, ஆஷா அக்கா வந்தா எங்க படுப்பா?”

அண்ணன் குறுக்கிட்டான். “வார்த்தைப்பாடு முடிஞ்சு லீவுக்கு வந்தா ரெண்டு நாள் இருப்பா. ஹால்ல படுக்கட்டும். இதுக்குப் போய் பொண்ணு வீட்டுக்காரங்கள ஒருத்தர் மடில ஒருத்தர் உட்கார வைக்கணுமா?”

“ரெண்டு நாளுக்கு இல்லண்ணா. வந்தே வந்துட்டா?”

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“அவ அப்படி எழுதினாளா?” என்றார் அப்பா.

“எழுதல. எப்ப இடிப்பீங்க, இடிச்சா திரும்பக் கட்ட முடியுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. திரும்பிப் போன பொண்ணு ஒருத்தியப் பத்தி எழுதறா. அவளுக்குப் படுக்க இடம் இருக்குமான்னு எழுதறா.”

உன் கடிதங்களைக் கொடுத்தேன். அப்பா கண்ணாடி போட்டு எல்லாவற்றையும் படித்தார். அவர் எவ்வளவு மெதுவாகப் படிப்பார் என்று உனக்குத் தெரியும். படித்துவிட்டு, “கோயில்ல நான் என்ன சொல்லுவேன்?” என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல்.

அம்மா செபமாலையைப் பையில் போட்டுக்கொண்டே, “கோயில்ல கேக்கறவங்க வூட்லயா அவ வந்து படுக்கப் போறா?” என்றார்.

அப்பா எழுந்து நம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. அண்ணன் போய்த் தட்டினான். “உக்காந்திருக்கேன்பா, வரேன்” என்று குரல் மட்டும் வந்தது. கடைசியில் வெளியே வந்து என்னிடம், “பழைய அளவே போட்டு வரைஞ்சு குடு. சொவரு இருக்கட்டும்” என்றார்.

சார் இரண்டே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திட்டி எழுது, அக்கா. சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

உன் ஜெனி


தாம்பரம்
27.10.2024

மகள் ஆஷாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு அம்மா, ஃபிரெடி, ஜெனி, நான் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

ஜெனி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். தப்பு இருந்தால் பார்க்காதே.

சுவர் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குத் தெருவில் பந்தல் போட்டுக்கொள்ளலாம். அது ஒரு நாள் கூட்டம். ஃபிரெடியிடம் சொல்லிவிட்டேன். முதலில் முறைத்தான், இப்போது அவனே பந்தல்காரனிடம் பேசிவிட்டு வந்தான்.

நீ போகிறபோது ஃபாதர் உன்னைக் கேட்டார், மதர் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அங்கே உனக்கு நிம்மதியாக இருக்கிறதா? இருந்தால் இரு. பிப்ரவரிக்கு வேன் பேசி எல்லோரும் வருகிறோம். இல்லை என்றால் வந்துவிடு. மதர் இதைப் படித்தால் படிக்கட்டும். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

கோயிலில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். என்ன பதில் என்று இன்னும் யோசிக்கவில்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. குளிரில் வெளியே நிற்காதே.

அப்பா
தேவானந்தம்


ஏற்காடு
24 நவம்பர் 2024

அன்புள்ள ஜெனிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு செபம் வரவில்லை.

உன் கடிதமும் அப்பாவின் கடிதமும் மதர் கையில்தான் முதலில் இருந்தன. தபால் தட்டில் வைக்காமல், நான் கேரட் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். “முதல்ல உங்க அப்பாவோடது படி. அப்புறம் என்கிட்ட வா” என்றார்கள். படித்தேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் கேரட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடமாக, வார்த்தைப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எழுந்து எங்காவது போய்விடத் தோன்றுகிறது என்றும், அது போய்விடும் என்று காத்திருந்தேன் என்றும் சொன்னேன். “ஏன்மா இவ்ளோ நாள் சொல்லல?” என்று கேட்டார்கள். போக இடமில்லை என்று நினைத்தேன் என்றேன். என் தலையில் கை வைத்தார்கள். சில வாரம் பொறுத்து, நிதானமாக யோசித்து மீண்டும் சொல்லும்படி கேட்டார்கள். அதனால்தான் இந்தத் தாமதம். மீண்டும் அதையே சொன்னேன். இங்கே யாரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை, ஜெனி. இதை அம்மாவிடம் அழுத்திச் சொல். எனக்கு இது இல்லை, அவ்வளவுதான்.

வந்த பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. யாரும் உடனே கேட்க வேண்டாம். கல்யாணத்தில் பாத்திரம் கழுவும் பக்கம் என்னை விட்டுவிடுங்கள், பந்தலின் முன்வரிசையில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. ஃபிரெடியிடமும் ஜெரூஷாவிடமும் என் சார்பில் சொல், நான் யார் இடத்தையும் அதிகம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

டிசம்பர் ஐந்தாம் தேதி காலை, சேலம் வண்டியில் தாம்பரம் வந்து இறங்குவேன். மதர் ஒரு சிஸ்டரைச் சேலம் ஸ்டேஷன் வரை துணைக்கு அனுப்புகிறார்கள். மடத்து வெள்ளை உடுப்பை இங்கேயே கொடுத்துவிட வேண்டும். இங்கே வந்தபோது கட்டியிருந்த புடவை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சமையலறை சிஸ்டர் தன் தங்கைக்காக வாங்கி வைத்திருந்த பச்சைச் சுடிதாரைக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் பெரியது.

அப்பா எப்படியும் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். அவரிடம் மறக்காமல் சொல்லிவை. கூட்டத்தில் வெள்ளையைத் தேடிக்கொண்டு நிற்கப் போகிறார்.

ஆஷா